மட்: மடற்குழுக்களில் எழுதுவோருக்கு இன்றும் ஏற்ற மின்னஞ்சல் செயலி

எழுதியவர் நாமே என்று நிறுவும் மின்கையொப்பத்தை மின்னஞ்சலில் இடுவதையும், மடற்குழுக்களின் (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் போய்ச்சேரும் மின்னஞ்சல் குழுக்களின்) மரபு பிசகாமல் எழுதுவதையும் அன்றாட வேலையாகக் கொண்டிருப்பவருக்கு எந்தச் செயலி ஏற்றது என்று கேட்டால், மட் என்பதே என் விடை. மைக்கேல் எல்கின்ஸ் 1995-ஆம் ஆண்டில் எழுதிய இந்தச் செயலி, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலுக்குள்ளேயே இயங்குகிறது. சுட்டெலிக்கு அதில் வேலையில்லை. குனூ பொது உரிமத்தின்கீழ் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் 2.0 பதிப்பு 2020-இல் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பரிந்துரைப்பதற்குப் பழைய பொருள்மீதுள்ள பற்று காரணமில்லை. ஒரு மடல் நம் கணினியைவிட்டுப் புறப்படும்போது உண்மையில் எந்த வடிவில் இருக்கிறது என்பதை இந்த அளவுக்கு ஒளிவுமறைவின்றிக் காட்டும் செயலியை நான் வேறெங்கும் காணவில்லை. கையொப்பம் செல்லாமல் போவதற்கும், குழுவில் பிறர் முகம் சுளிப்பதற்கும் காரணமான பிழைகளில் பல, செயலி நமக்குத் தெரியாமல் மடலுக்குள் செய்துவைக்கும் மாற்றங்களிலிருந்தே பிறக்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள, மடலை எழுதி முடித்தபின் வரும் திரையைப் பார்த்தாலே போதும். நாம் விரும்பிய எடிட்டரில் எழுதிச் சேமித்து மூடியதும் மடல் போய்விடுவதில்லை. அனுப்புநர், பெறுநர், நகல் பெறுவோர், பொருள் ஆகியவை வரிவரியாக நிற்கும் ஒரு திரை வருகிறது. அவற்றுக்குக் கீழே பாதுகாப்பு என்னும் வரி இருக்கிறது. கையொப்பம் உண்டா, மறைகுறியாக்கம் உண்டா, எந்தச் சாவியால் (கையொப்பமிட உதவும் இரகசியத் தரவால்) கையொப்பமிடப்படும் என்பதெல்லாம் அங்கேயே தெரியும். அதற்கும் கீழே மடலின் ஒவ்வொரு பகுதியும் அதன் வகை, குறியேற்றம், எழுத்துத்தொகுதி, அளவு ஆகியவற்றோடு பட்டியலாகிறது. பி (p) விசையை அழுத்தினால் கையொப்பமிடுவதற்கும் மறைகுறியாக்குவதற்கும் உரிய தேர்வுகள் திரையின் அடியில் ஒற்றை வரியாக வருகின்றன. எல்லாம் சரியென்று கண்டு ஒய் விசையை அழுத்திய பிறகே மடல் புறப்படும். அவசரத்தில் தவறான முகவரிக்குப் போகவிருந்த மடலை இந்தத் திரை தடுத்துநிறுத்தும் என்பது கூடுதல் பயன்.

கையொப்பமிடும் கணக்கை மட் தானே செய்வதில்லை. அதைக் குனூபிஜி என்னும் நிரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபி நிரலின் வழியில் ஓப்பன்பிஜிபி என்னும் பொதுத்தரம் உருவாயிற்று. வெர்னர் கோக் எழுதத் தொடங்கிய குனூபிஜியின் 1.0 பதிப்பு 1999-இல் வந்தது. அலுவலகங்களில் புழங்கும், சான்றிதழ் நிறுவனங்களை நம்பியிருக்கும் எஸ்மைம் முறையையும் மட் ஏற்கும் என்றாலும், திறமூல மென்பொருள் குழுக்களில் ஓப்பன்பிஜிபியே வழக்கு என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஓப்பன்பிஜிபி கையொப்பத்தை மடலில் வைக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில், உரையின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கோடுகள் போட்டு, கையொப்பத்தையும் உரையோடு உரையாகவே ஒட்டிவிடுவார்கள். இது பார்க்க எளிமையாகத் தோன்றினாலும் தொல்லைகள் பல. கோட்டுக்குறியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு கோட்டுக்குறி சேர்க்கப்படுவதால், மடலின் இறுதியில் நம் பெயர்க்குறிப்பைப் பிரித்துக்காட்டும் இரட்டைக்கோட்டு வரி சிதைந்துபோகிறது. நிரல்திருத்தங்களை மடலிலேயே அனுப்புவோருக்கு அவையும் சிதைகின்றன. இணைப்புகளைத் தனித்தனியே கையொப்பமிட வேண்டியிருக்கிறது. 2001-இல் ஆர்எஃப்சி 3156 என்னும் இணையத்தர ஆவணம் வரையறுத்த பிஜிபிமைம் முறையில் கையொப்பம் தனிப் பகுதியாக நிற்கிறது. உரை உரையாகவே இருக்கிறது. மட் இயல்பாகவே இந்த இரண்டாம் முறையைப் பின்பற்றுகிறது, அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. பெறுநர் சிலர், இந்த இணைப்புக் கோப்பு எதற்கு என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒருமுறை விளக்கினால் போதும்.

கையொப்பமிட்ட உரையில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும் என்பதால், வழியில் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தமிழ் போன்ற மொழிகளில் எழுதப்படும் மடல் யூடிஎஃப்-8 எழுத்துத்தொகுதியில் எட்டு பிட் தரவாக இருக்கிறது. இடையிலுள்ள ஏதேனுமொரு சர்வர் அதை ஏழு பிட் வடிவுக்கு மாற்றினால் கையொப்பம் பொய்த்துவிடும். ஆகவே மட் கையொப்பமிடுவதற்கு முன்பே உரையை ஏழு பிட் வடிவுக்குக் குறியேற்றிவிடுகிறது. இன்னொரு நுட்பமான இடம், வரியின் தொடக்கத்தில் ஃப்ரம் என்னும் ஆங்கிலச் சொல் வருவது. மடல்கள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் எம்பாக்ஸ் வகைக் கோப்புகளில் அந்தச் சொல்தான் அடுத்த மடலின் தொடக்க அடையாளம். குழப்பம் வராதிருக்கச் சில சர்வர்கள் அதற்கு முன்னால் ஓர் அம்புக்குறியைச் செருகிவிடும், கையொப்பமும் அத்தோடு கெட்டுவிடும். என்கோட் ஃப்ரம் என்னும் அமைவை இயக்கிவைத்தால், அத்தகைய வரியைக் கொண்ட மடலை மட் முன்கூட்டியே குறியேற்றி அனுப்பும். ஆங்கில மேற்கோள்களும் பதிவுக்கோப்பு வரிகளும் மடலில் அடிக்கடி இடம்பெறுமானால் இந்த ஒற்றை வரியை அமைவுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

கையொப்பம் எதைக் காக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மடலின் உடலும் இணைப்புகளும் மட்டுமே கையொப்பத்துக்குள் அடங்கும். பொருள் வரி, தேதி, பெறுநர் முகவரி ஆகிய ஹெடர்கள் வெளியே நிற்கின்றன. "ஆம், ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒற்றை வரியில் நீங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய மடலை, வேறொருவர் வேறொரு பொருள் வரியின்கீழ் வேறொரு குழுவுக்கு அப்படியே திருப்பி அனுப்பினாலும் கையொப்பம் செல்லுபடியாகவே காட்டும். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதை உடலுக்குள்ளேயே முழு வாக்கியமாக எழுதுவது இதற்கு நல்ல மருந்து. பொருள் வரியின் பிரதியைக் கையொப்பத்துக்குள் வைக்கும் அமைவும் அண்மைப் பதிப்புகளில் இருக்கிறது.

பிறருடைய கையொப்பத்தைச் சரிபார்ப்பதில் மட் காட்டும் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மடல் பட்டியலில் சிறிய எஸ் எழுத்து இருந்தால் கையொப்பம் உண்டு என்று பொருள். அது சரிபார்க்கப்பட்டுவிட்டால் பெரிய எஸ் ஆகிறது. மடலைத் திறந்தால், குனூபிஜி சொன்ன விடை முதலில் வருகிறது. பிறகு, கையொப்பமிடப்பட்ட தரவு இங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி. அது முடியுமிடத்தில் இன்னொரு வரி. மடற்குழு மென்பொருள் அடியில் சேர்த்த குறிப்பு அந்த முடிவு வரிக்கு வெளியே கிடப்பதைக் கண்ணால் காணலாம். எது எழுதியவரின் சொல், எது வழியில் சேர்ந்தது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. பச்சை நிறக் குறியொன்றைக் காட்டிவிட்டு நம்பச் சொல்லும் செயலிகளைவிட இது மேலானது. ஆனால் நல்ல கையொப்பம் என்ற விடை, இன்ன சாவியால் இடப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அந்தச் சாவி உண்மையில் அவருடையதுதானா என்பதை, நாற்பது பதினறும எழுத்துகள் கொண்ட அதன் கைரேகையை நேரிலோ தொலைபேசியிலோ ஒப்பிட்டு நாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். விடையில் வரும் முகவரியும் மடலின் அனுப்புநர் முகவரியும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லா மடலிலும் கையொப்பமிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிரிப்ட் ஆட்டோசைன் அமைவு எல்லாவற்றிலும் கையொப்பமிடும்; கிரிப்ட் ரிப்ளைசைன், கையொப்பத்தோடு வந்த மடலுக்கு எழுதும் மறுமொழியில் மட்டும் கையொப்பமிடும். எனக்கு இரண்டாவதே உகந்ததாகத் தோன்றுகிறது. குறிப்பிட்ட குழுக்களுக்கு மட்டும் எப்போதும் கையொப்பம் வேண்டுமென்றால் செண்ட் ஹூக் கட்டளையைப் பயன்படுத்தலாம். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் வாக்கெடுப்புகளில் உருவாக்குநர்கள் தம் வாக்கைக் கையொப்பமிட்ட மின்னஞ்சலாகவே அனுப்புகிறார்கள் என்பதால், அங்கே கையொப்பம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. செண்ட் ஹூக் கட்டளையில் ஒரு பொறி இருக்கிறது: ஒரு முகவரிக்காக மாற்றிய அமைவு, அந்த மடல் போனபின் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே எல்லா முகவரிகளுக்கும் பொருந்தும் இயல்பு நிலையை முதல் வரியாக எழுதி, விதிவிலக்குகளை அதற்குக் கீழே எழுத வேண்டும்.

தொடக்கத்தில் பலரைத் திகைக்கவைப்பது கடவுத்தொடர் கேட்கும் பெட்டி திரையில் தோன்றாமலேயே கையொப்பமிடல் தோற்றுப்போவது. எந்த டெர்மினலில் பெட்டியைத் திறப்பது என்று குனூபிஜியின் துணை நிரலான ஜிபிஜி ஏஜென்டுக்குத் தெரியாததே காரணம். ஜிபிஜி டிடிஒய் என்னும் சூழல் மாறியில் நடப்பு டெர்மினலின் பெயரை ஏற்றும் வரியை ஷெல் தொடக்கக் கோப்பில் சேர்த்தால் சரியாகிவிடும்.

இனி மடற்குழுக்கள். இந்தப் பகுதியில்தான் மட் மற்றெல்லாச் செயலிகளையும் விஞ்சி நிற்கிறது என்பது என் கருத்து. லிஸ்ட்ஸ், சப்ஸ்கிரைப் என்னும் இரு கட்டளைகளால் எந்தெந்த முகவரிகள் குழுக்கள், அவற்றுள் எவற்றில் நாம் உறுப்பினர் என்பதைச் செயலிக்குச் சொல்லிவிடுகிறோம். அதன்பின் சிறிய ஆர் விசை எழுதியவருக்கு மட்டும் மறுமொழி அனுப்பும். ஜி விசை அனைவருக்கும் அனுப்பும். பெரிய எல் விசை குழுவுக்கு மட்டும் அனுப்பும். மூன்றும் மூன்று விசைகளாக இருப்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். தனிப்பட்ட ஒருவருக்கு எழுதியது ஆயிரம் பேருக்குப் போய்ச்சேர்வதும், எல்லாருக்கும் பயன்படும் விடை ஒருவரின் அஞ்சல்பெட்டியிலேயே முடங்குவதும் இந்த வேறுபாடு மங்கிப்போன செயலிகளில் அன்றாட நிகழ்ச்சி. குழு மடல் அல்லாத ஒன்றில் பெரிய எல் அழுத்தினால், குழு எதுவும் காணப்படவில்லை என்று சொல்லி மட் நின்றுவிடும். ஊகித்து எதையும் செய்யாது.

எந்த விசை முறையானது என்பது குழுவுக்குக் குழு மாறும் என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. டெபியன் குழுக்களின் நடத்தை விதி, எழுதியவர் கேட்டாலொழிய அவருக்குத் தனி நகல் அனுப்பக் கூடாது என்கிறது. அங்கே எல் விசையே மரபு. லினக்ஸ் கெர்னல் குழுக்களில் நேர்மாறாக, நகல் பட்டியலில் இருக்கும் யாரையும் விட்டுவிடாமல் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். அங்கே ஜி விசை. உறுப்பினரல்லாதவர்களும் அந்தக் குழுக்களுக்கு எழுதலாம் என்பதால், எல் விசையால் அவர்களை வெட்டிவிட்டால் விடை அவர்களுக்குப் போய்ச்சேராது. மட் இதில் இன்னொரு படி போகிறது: நாம் உறுப்பினராக இருக்கும் குழுவுக்கு எழுதும்போது, மறுமொழி குழுவுக்கு மட்டும் போதும் என்று தெரிவிக்கும் மெயில் ஃபாலோஅப் டு ஹெடரைத் தானே சேர்க்கிறது, உறுப்பினரல்லாத குழுவென்றால் நம் முகவரியையும் அதில் சேர்த்துவிடுகிறது. அந்த ஹெடரை மதிக்கும் செயலிகள் குறைவு என்பதால் பிறரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கெர்னல் குழுக்களுக்கு எழுதுவோர் ஃபாலோஅப் டு அமைவை அணைத்துவைப்பது நல்லது.

மேற்கோள் காட்டுவதிலும் எடிட்டர் நம் கையில் இருப்பதன் அருமை தெரியும். 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1855, விடைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் மூல மடலை எடுத்துக்காட்டச் சொன்னது; அடிக்குறிப்பு நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது என்றது. இரண்டும் இன்றும் பொருந்தும். ஒரு பத்தியை எடுத்துக்காட்டி, அதற்கடியிலேயே நம் விடையை எழுதி, மற்றவற்றைத் துணிந்து நீக்கிவிட வேண்டும். எழுபத்திரண்டு எழுத்துகளில் வரியை மடிக்குமாறு எடிட்டரை அமைத்துக்கொண்டால், மேற்கோள் குறிகள் இரண்டு மூன்று அடுக்காகச் சேர்ந்த பிறகும் வரி உடையாது.

புதிய பேச்சைத் தொடங்குவதற்குப் பழைய மடலொன்றுக்கு மறுமொழி அழுத்திப் பொருள் வரியை மட்டும் மாற்றுவது குழுக்களில் மிகப் பரவலான மரபுமீறல். பொருள் வரி மாறினாலும், இன் ரிப்ளை டு, ரெஃபரன்சஸ் ஆகிய ஹெடர்கள் அந்த மடலைப் பழைய இழையிலேயே (ஒரே பேச்சைச் சேர்ந்த மடல்தொடரிலேயே) கட்டிப்போட்டிருக்கும். அந்த இழையை மூடிவைத்திருப்பவர் கண்ணில் புதிய கேள்வி படவே படாது. எடிட் ஹெடர்ஸ் அமைவை இயக்கினால் இன் ரிப்ளை டு ஹெடர் எடிட்டரிலேயே உரைக்கு மேலே தெரியும். இன் ரிப்ளை டு வரியை அழித்துவிட்டால் மட் ரெஃபரன்சஸ் ஹெடரையும் சேர்க்காது. மடல் புதிய இழையாகவே போகும். பிறர் செய்த பிழையால் நம் பெட்டியில் பின்னிக்கிடக்கும் இழையை எண் குறி (#) விசையால் வெட்டவும், அறுந்த இழையை இணைக்கவும் வசதி இருக்கிறது.

மடற்குழு மென்பொருள் பொருள் வரியில் குழுவின் பெயரைச் சேர்ப்பதும் அடிக்குறிப்பு சேர்ப்பதும் டிகிம் என்னும் சர்வர் நிலைக் கையொப்பத்தை உடைத்துவிடுகின்றன. 2014-இல் யாஹூ, தன் முகவரியில் வந்து இத்தகைய சரிபார்ப்பில் தோற்கும் மடல்களை மறுக்கச் சொல்லும் கடுமையான டிமார்க் கொள்கையை அறிவித்த பிறகு, குழுக்கள் பல அனுப்புநர் முகவரியையே குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பத் தொடங்கின. யார் எழுதியது என்பதற்கு ஹெடரை நம்ப முடியாத அந்த இடத்தில் பிஜிபிமைம் கையொப்பம் கைகொடுக்கிறது: மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருள் அடிக்குறிப்பைத் தனிப் பகுதியாக வெளியே ஒட்டுவதால், உள்ளே இருக்கும் கையொப்பமிட்ட பகுதி பழுதின்றி வந்துசேர்கிறது.

குறைகளுக்கு வருவோம். முதலும் பெரியதும் கணக்கு அமைப்பது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2022-இல் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் வழியைப் பெருமளவு மூடிவிட்டதால், ஓஆத் டோக்கன் என்னும் தற்காலிக அனுமதிச்சீட்டைப் பெற்றுத்தரும் தனி நிரல் தேவைப்படுகிறது. மட் தொகுப்போடு அதற்கான பைத்தான் நிரல் ஒன்று வருகிறது என்றாலும், அதை இயக்க நிறுவனத்தின் தளத்தில் செயலியைப் பதிவுசெய்து அடையாள எண் வாங்குவது புதியவரைத் திணறடிக்கும். அலுவலகக் கணக்காக இருந்தால் நிர்வாகியின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். கணக்கை அமைப்பதோடு மட் மீதான ஆசை பலருக்கு முடிந்துவிடுவது இங்கேதான்.

எச்டிஎம்எல் மடல்களை மட் தானாகக் காட்டாது. எந்த வகைப் பகுதியை எந்த நிரலால் திறப்பது என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டபிள்யூ3எம் போன்ற உலாவியைக் குறிப்பிட்டு, உரையாக மாற்றிக் காட்டச் செய்ய வேண்டும். விளம்பர மடல்களும் பயணச்சீட்டுகளும் நிறைய வரும் கணக்குக்கு இது சலிப்பூட்டும். ஆனால் 2018-இல் வெளிப்பட்ட ஈஃபெயில் தாக்குதல், எச்டிஎம்எல் வழியாகத் தொலைவிலுள்ள படத்தை இழுக்கவைத்து மறைகுறியாக்கிய உரையைக் கசியவிட்ட முறையை நினைத்தால், இந்தக் குறையை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன். கெர்னல் குழுக்களின் சர்வர் எச்டிஎம்எல் மடல்களை ஏற்பதே இல்லை. மட் எழுதுவதோ இயல்பாகவே வெற்றுரை.

இன்னொன்று வேகம் பற்றியது. மடல்களைத் தன்னிடம் வைத்திருக்கும் ஐமேப் சர்வரோடு பேசும் நேரத்தில் மட் வேறு எதையும் செய்யாது. பெரிய கோப்புறையைத் திறக்கும்போது திரை உறைந்து நிற்கும். ஹெடர்களைக் கணினியில் சேமித்துவைக்கும் ஹெடர் கேஷ் அமைவு ஓரளவு உதவும். எம்பிசிங்க் நிரலால் மடல்களைக் கணினிக்கே இறக்கி, மடலுக்கு ஒரு கோப்பு என்னும் மெயில்டிர் வடிவில் வைத்து அதை மட் கொண்டு படிப்பதே சிறந்த வழி. இணையம் இல்லாதபோதும் பழைய மடல்களைத் தேடலாம். தமிழ் உயிர்மெய் எழுத்துகளில் நெடுவரிசை குலைவதும் சில டெர்மினல்களில் உண்டு. எழுத்தின் அகலத்தைக் கணிப்பதில் டெர்மினலும் செயலியும் முரண்படுவதே இதற்குக் காரணம் என்பதால், வேறு டெர்மினலை மாற்றிப்பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

பல ஆண்டுகளாக வெளியே உலவிய திருத்தங்களைத் திரட்டி, ரிச்சர்ட் ரஸ்ஸன் 2016-இல் அறிமுகப்படுத்திய நியோமட் இப்போது தனிச் செயலியாகவே வளர்ந்திருக்கிறது. கையொப்பத்திலும் குழு மரபிலும் நான் மேலே சொன்னவை ஏறக்குறைய அப்படியே அதற்கும் பொருந்தும். லட்சக்கணக்கான மடல்களில் நாட்மச் என்னும் தேடல் நிரலைக் கொண்டு தேடும் தேவையுள்ளவருக்கு நியோமட் வசதியானது. மாற்றம் குறைவாக, ஆண்டுக்கணக்கில் ஒரே அமைவுக் கோப்போடு ஓட வேண்டும் என்பவருக்கு மட் பொருந்தும். தனிக் கோப்பு இல்லாவிட்டால் நியோமட், மட்டின் அமைவுக் கோப்பான மட்ஆர்சியையே படித்துக்கொள்ளும் என்பதால் இரண்டையும் ஒரே கணினியில் வைத்து ஒப்பிட்டுப்பார்க்கத் தடையில்லை. அப்படிச் செய்வோர், குழு முகவரிகளையும் சாவி அமைவுகளையும் பொதுவான ஒரு கோப்பில் எழுதிவைத்து, இரு செயலிகளின் அமைவுக் கோப்புகளிலிருந்தும் சோர்ஸ் கட்டளையால் அதை அழைத்துக்கொள்ளலாம்.